என்ஜின் ராத்தாவுக்கு, மெஷின் எனக்கு

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, வீட்டை விற்கப் போகிறாள் என்ற செய்தி எனக்கு மீன்காரன் வாயால்தான் வந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி வர முடியாத செய்தி, கடற்கரைக்குப் போய், சூரை மீனோடு சைக்கிளில் ஏறி, நிந்தவூரை ஒரு சுற்றுச் சுற்றி என் கேற்றுக்கு வந்து சேர்ந்தது.

"உங்கட ராத்தா அக்கரைப்பற்றுக்குப் போறாவாமே, மகனோட இரிக்க. வீட்டக் குடுக்கப் போறாவாம்" என்றான்.

நான் மீன் வாங்காமலே உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு என்னோடு கதைக்க வந்தவர்களுக்கெல்லாம் ஏச்சு விழுந்தது. கறிக்கு என்ன என்று கேட்ட மகளுக்கும் விழுந்தது.

என் கடைசி மகள் தவழத் தொடங்கிய வருடம் ராத்தாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. அந்த மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். அத்தனை காலம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வழக்கத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. பெண் பிறந்த அன்றே வாப்பாமார் அத்திவாரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து உடுப்புப் பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். வயதுபோன உம்மா மகளோடு இருப்பாள். ராத்தாவுக்குப் பிறந்ததெல்லாம் ஆண். எல்லாரும் ஒவ்வொரு ஊருக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டார்கள். மச்சானும் மௌத்தான பிறகு அவள் தனியாகத்தான் இருந்தாள். யாரிடமும் ஒரு கொத்துக் கருவேப்பிலை கூடக் கேட்டு வாங்காதவள், இனி மருமகளின் குசினியில் இரண்டாவது பொம்பிளையாக நிற்கப் போகிறாள்.

"போய்க் கேட்டா என்ன உம்மா?" என்றாள் மகள்.

"ஏன், அவக்கு வாயில்லையா?" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதும் இதுதான் பதில்.

எங்கள் வளவை ஊரில் இன்றைக்கும் 'ஜெர்மன் மில்லடி' என்றுதான் சொல்வார்கள். ஆட்டோக்காரனுக்கு வேறு விலாசம் தேவையில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மட்டக்களப்பில் மூடிப்போன ஒரு மில்லிலிருந்து வாப்பா அந்த ஜெர்மன் சாமான்களை லொறியில் கொண்டுவந்தார். ஒரு என்ஜின், நெல் குத்தும் மெஷின் ஒன்று. இரண்டும் ஒரே கம்பனி. இரண்டிலும் ஒரே மாதிரி இரும்புத் தகடு. தகட்டில் தடித்த எழுத்துகள் புடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றைச் செய்த குடும்பத்தின் பெயர் அது. நானும் ராத்தாவும் அந்த எழுத்துகளின் மேல் கடதாசியை வைத்துக் கரித்துண்டால் தேய்ப்போம். பள்ளிக்கூடம் போவதற்கு முதலே எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் அந்தத் தகட்டிலிருந்து தெரியும். அதில் ஒரு ஓவன்னாவுக்குத் தலையில் இரண்டு புள்ளி இருந்தது. ராத்தா அதைப் பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதினாள். டீச்சர் பிழை என்றபோது, "எங்கட என்ஜின்ல அப்பிடித்தான் இரிக்கி" என்று சண்டைக்குப் போனாள். முழங்காலில் நிற்க வைத்தும் புள்ளியை அழிக்கவில்லை.

என்ஜின் புகை நெல்லில் படக்கூடாது, உமித்தூசியில் நெருப்புப் பிடிக்கக்கூடாது என்று வாப்பா இரண்டுக்கும் தனித்தனி அறை கட்டினார். நடுவில் ஒரு சுவர். சுவரில் நீளமாக ஒரு பொந்து. அந்தப் பொந்து வழியாக பெல்ட் போகும். அந்தப் பக்கம் என்ஜினின் பெரிய சில்லு சுற்ற, இந்தப் பக்கம் மெஷின் நெல்லைக் குத்தும். பெரும்போக அறுவடை முடிந்தால் காரைதீவிலிருந்தும் வண்டில் வரும். உமி வாசமும் டீசல் வாசமும் கலந்து உம்மாவின் சீலையிலும் எங்கள் தலைமயிரிலும் இருக்கும். நோன்புப் பெருநாளைக்குக் குளித்துப் புது உடுப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது. இப்போதும் றோட்டில் எங்காவது ஒரு பழைய லொறி புகை விட்டுப் போனால் நான் நின்றுவிடுவேன்.

என்ஜினின் தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு, சூடு தணிக்க. ஓட ஓட அந்தத் தண்ணீர் கொதிக்கும். ராத்தா கோழி முட்டையைப் பழந்துணியில் முடிந்து அதற்குள் இறக்குவாள். வெந்ததும் பெரியதைத் தான் எடுத்துக்கொண்டு சின்னதை எனக்குத் தருவாள். நான் அழுவேன். பிறகு மாற்றித் தருவாள். ஒவ்வொரு முறையும் இதே கூத்துத்தான்.

எங்களுக்குக் கல்யாண வயது வந்தபோது வாப்பாவுக்குப் பெரிய யோசனை. பெண்பிள்ளை இரண்டு, மில் ஒன்று. யாருக்கு எழுதினாலும் மற்ற மருமகன் முகம் சுண்டும். ஆகவே மில்லின் இரண்டு அறைகளையும் பிடித்து முதுகோடு முதுகாக இரண்டு வீடு கட்டி, நடுச்சுவரையே எல்லையாக்கி உறுதிப் பத்திரம் எழுதினார். என்ஜின் மூத்தவளுக்கு. நெல் குத்தும் மெஷின் இளையவளுக்கு. "கோவம் வந்தாலும் இவளுகள் கதைச்சுத்தான் ஆகணும். இல்லாட்டி மில் ஓடாது" என்று பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொன்னாராம். ஊரே மெச்சியது. பெல்ட் யாருக்கு என்று மட்டும் வாப்பா எழுதவில்லை. அவர் மௌத்தான அன்று அது என் பக்கத்து ஆணியில் தொங்கியது.

அவர் நினைத்ததுபோல் பல வருடங்கள் நடந்தது. பெல்ட் ஓடாத நேரத்தில் அந்தப் பொந்து எங்களுக்கு யன்னல். சோற்றுக்கு ஆணம், பால்மா, பிள்ளையின் காய்ச்சல் மருந்து, ஊர்க்கதை எல்லாம் அதன் வழியாகப் போய் வந்தன. ராத்தாவின் பிள்ளைகளையும் என் பிள்ளைகளையும் அந்த என்ஜின் சுடுதண்ணீரில்தான் குளிப்பாட்டினோம்.

நாட்டில் சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் டீசல் கிடைப்பது கஷ்டமானது. என் வீட்டுக்காரர் கல்முனைக்குப் போய் ஒரு கரண்ட் மோட்டாரை வாங்கி வந்து மெஷினில் பூட்டினார். கரண்ட் இருக்கும்போது மோட்டார் வைக்காமல் வேறு என்ன செய்வதாம்? இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ராத்தா பொந்தண்டை வந்து நின்று மோட்டார் ஓடுவதைப் பார்த்தாள்.

"வாப்பாட என்ஜின் வேணாமெண்டா நானும் வேணாம்தான்" என்றாள்.

"என்ஜினும் நீயும் ஒண்டா?" என்றேன்.

"ஓம், ஒண்டுதான்" என்றாள்.

அன்று பின்னேரமே மேசனைக் கூப்பிட்டுப் பொந்தைக் கல் வைத்து அடைத்தாள். என் பக்கத்தில் சீமெந்து பிதுங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். அவள் கூப்பிடட்டும் என்று நின்றேன். அங்கே அவளும் அப்படித்தான் நின்றிருப்பாள்.

கடல் ஊருக்குள் வந்த அன்று எல்லாரும் மேற்கே வயற்பக்கம் ஓடினோம். இரவுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்தினார்கள். சனக் கூட்டத்துக்குள் ராத்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னையும் பிள்ளைகளையும் கண்டாள். உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் அவளை அதற்கு முன்னமே கண்டு திருப்பிக்கொண்டவள். இப்படிப்பட்ட இரண்டு பேரை வைத்துத்தான் வாப்பா கணக்குப் போட்டிருந்தார்.

பிறகு என் வீட்டுக்காரர் மௌத்தானார். மோட்டாரும் எரிந்துபோனது. மெஷின் அறையில் நான் விறகு அடுக்கினேன். மகள் ஒருநாள் அந்தத் தகட்டைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டாள். மீன்காரன் செய்தி கொண்டுவந்து சில வாரங்களில், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றாள்.

வந்தது ஒரு பெண். ஐம்பது தாண்டியிருக்கும். நல்ல உயரம், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். சால்வையால் தலையை மூடியிருந்தாள், எங்களுக்கு மரியாதையாம். தகட்டைக் கண்டதும் விறகுத் தூசியையும் பார்க்காமல் முழங்காலிட்டு எழுத்துகளைத் தடவினாள். அந்தப் பெயர் அவளுடைய வாப்பாவின் வாப்பாவின் வாப்பாவுடையது.

இடியப்பமும் மாசிச் சம்பலும் வைத்தேன். கையாலேயே சாப்பிட்டாள். அவள் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் சொன்னாள். அந்த முதலாவது மனிதர் ஆலை ஆலையாக நடந்து போய், தேய்ந்த மாவரைக்கும் கற்களைக் கொத்திக் கொடுக்கிறவராம். இங்கே அம்மி கொத்த வருவார்களே, அப்படி. அவருடைய ஊர்த் துறைமுகத்துக்குப் பர்மாவிலிருந்து கப்பலில் உமியோடு அரிசி வருமாம். கல்லில் போட்டால் எல்லாம் குருணலாகிவிடுமாம். அவர் ஒரு கொட்டிலைப் போட்டு, அரிசி உடையாமல் உமியைக் கழற்ற ஒரு மெஷின் செய்தார்.

"அவங்க சோறு தின்பாங்களாமா?" என்று கேட்டேன்.

மகள் கேட்டுச் சொன்னாள். தின்பதில்லை, கிழங்கும் பாணும்தான். பிள்ளைகளுக்கு மட்டும் எப்போதாவது பாலில் போட்டுச் சீனியோடு கொடுப்பார்களாம். சோறே தின்னாத ஒரு மனிதர் எங்கள் ஊரின் சோற்றுக்கு மெஷின் செய்திருக்கிறார். எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்தது.

அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவர் என்ஜின் செய்தார், இளையவர் நெல் மெஷின் செய்தார். தகட்டில் புள்ளி வைத்த அந்தச் சொல்லுக்கு 'ஆண்மக்கள்' என்று அர்த்தமாம். பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். மேசைத்துணியும் பீங்கான் கோப்பைகளும் கொடுத்து அனுப்பினார்களாம். இங்கே ஆண்பிள்ளைகள்தான் அப்படிப் போவார்கள் என்று மகள் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரிய யுத்தத்தில் கொட்டிலின் கூரையில் குண்டு விழுந்தது. வேலைக்காரரும் முதலாளிமாரும் சேர்ந்து செங்கல்லைத் துடைத்து அடுக்கினார்கள். மெஷின் வாங்க ஆளில்லாத அந்தக் காலத்தில் சட்டி பானை செய்து விற்றுப் பிழைத்தார்கள். பிறகு நல்ல காலம் வந்து, உலகமெல்லாம் அனுப்பினார்கள். கடைசியில் ஒரு பெரிய கம்பனி வாங்கிப் பெயரைக் கழற்றிவிட்டது. கொட்டில் இருந்த இடத்தில் இப்போது நாற்காலி விற்கிறார்கள். இவள் அந்தக் கதையை எழுதுவதற்காகப் பழைய மெஷின்களைத் தேடித் திரிகிறாள். என்ஜினும் மெஷினும் சோடியாக ஓடுவதை அவள் படத்தில் மட்டுந்தான் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு அந்தப் பெண் சின்னதாக ஏதோ சொன்னாள். மகள் நீளமாகக் கதைக்கத் தொடங்கினாள். இங்கிலீஷ் சுருக்கமான பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த ரெண்டு சகோதரங்களும் கடைசியில கதைக்கிறல்லையாம் உம்மா. ஒரே கொட்டிலுக்கு நடுவுல சுவர் கட்டிட்டாங்களாம். மூத்தவர் செய்த என்ஜின் ஒரு பக்கம், இளையவர் செய்த மெஷின் மற்றப் பக்கம். ஆர் முதல்ல கதைக்கிற எண்டு பார்த்துப் பார்த்தே காலம் போயிட்டுதாம். மூத்தவர் மௌத்தாகிற நேரம் தம்பிட பேரச் சொல்லிச் சொல்லித்தான் உசிர் போச்சாம். தம்பிக்கு அது சுவருக்கு அங்கால கேட்டிச்சாம்."

அந்தப் பெண் பாவம், இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. இதைச் சொல்லவா ஜெர்மனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தாள் என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கழுவவில்லை. ராத்தா அக்கரைப்பற்றில் ஒரு அறையில் கிடந்து என் பெயரைச் சொன்னால் எனக்கு எந்தச் சுவர் வழியாகக் கேட்கும்?

சால்வையைப் போட்டுக்கொண்டு பின்கேற்றால் இறங்கி, ஒழுங்கையைச் சுற்றி, அவள் வாசலுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ராத்தா கதிரையில் இருந்தாள். நரைத்துவிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து இருமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

"என்ன?" என்றாள்.

"ஜெர்மன்காரி வந்திரிக்கா. என்ஜினப் பாக்கணுமாம்."

"ஜெர்மன்காரிக்கா பாக்கணும்?"

நான் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளும் விடுகிற ஆள் இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும்தான்" என்றேன்.

ராத்தா எழும்பிப் போய் என்ஜின் அறையைத் திறந்தாள். கட்டில் விரிப்பு ஒன்று போட்டு மூடியிருந்தது. இழுத்தாள். துருவின் வாடையே இல்லை. எண்ணெய் பூசித் துடைத்துத் துடைத்து, தகட்டின் எழுத்துகள் பளபளத்தன.

"பெல்ட்டுக்கு எங்க போற? அது உக்கிப் போயிருக்கும்" என்றாள்.

"வருஷா வருஷம் ஆமணக்கெண்ணெய் பூசிறன். ஏன் உக்கும்?"

அப்போதுதான் அவள் அழுதாள். எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதோம்.

வீட்டு விஷயமாக வந்திருந்த அவளுடைய மகன் அலவாங்கால் பொந்தின் கற்களைத் தட்டி விழுத்தினான். நான் விறகுகளை இழுத்துப் போட்டேன். ஜெர்மன்காரி வந்த வேனின் டிரைவர் போய் டீசல் வாங்கி வந்தான். ராத்தாவின் மகன் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்தான். ராத்தா போய் எங்கேயோ ஒரு இடத்தில் கையை வைத்து, "இப்ப சுத்து" என்றாள். என்ஜின் இருமிற்று. கரும்புகை கக்கிற்று. பிறகு அந்தப் பழைய சத்தம், டுப் டுப் என்று, நெஞ்சுக்குள்ளேயே அடிப்பதுபோல. பொந்து வழியாக பெல்ட் ஓடிவந்தது. நான் நெல்லைக் கொட்டினேன். உமி பறந்தது. ஜெர்மன்காரி படம் எடுக்க வந்தவள், கமராவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையிலும் சுடச்சுட அரிசியை அள்ளிக்கொண்டு நின்றாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் போய்விட்டாள், ஒரு பொட்டலம் அரிசியோடு. என்ஜினை நிற்பாட்டியதும் காது அடைத்தது. பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தபோது பொந்து வழியாக ஒரு கை வந்தது. கையில் அவித்த முட்டை. பெரிய முட்டை. பழந்துணி கூட அப்படியே.

"தின்னு" என்றாள் ராத்தா. "அந்தச் சகோதரங்கட கதைய நம்பிட்டியா?"

"எந்தக் கதை?"

"சுவர் கட்டின கதை. அது பொய். அவங்க கடைசி வரைக்கும் ஒத்துமையாம், பக்கத்துல பக்கத்துலதான் அடக்கி இரிக்காம். அந்தப் பொம்பிள இஞ்ச வாறதுக்கு முதலே உன்ட மகளுக்கு எல்லாம் எழுதியிரிக்கா. நான்தான் மகளிட்டச் சொன்ன, இப்பிடி ஒண்டச் சேர்த்துச் சொல்லு எண்டு."

"என்ட மகள் உன்னோட எப்ப கதைச்ச?"

"அவள் சின்னதில இருந்து பள்ளிக்கூடம் விட்டு முதல்ல இஞ்சதான் வாறவள். அந்த நேரம் நீ நித்திர."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த முட்டையைச் சுவரில் அடித்திருக்க வேண்டும். "நீயே வந்து கூப்பிட்டா என்ன? வாயில்லையா?" என்று கத்தினேன்.

"வாய் இரிக்கி. அதாலதான் வர ஏலாமப் போச்சி" என்றாள் ராத்தா.

நான் முட்டையை உரித்தேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வீட்ட விக்கப் போறியாமே."

"மகளில்லாத வீட்ட வச்சி என்ன செய்ய?"

"அக்கரைப்பற்றுக்குப் போய் அந்த அறைக்குள்ள..." என்று தொடங்கினேன்.

"உனக்கு மூணு பொம்பிளப் புள்ள. மூத்தவளுகளுக்கு வீடு குடுத்திட்டாய். கடைசிக்கு இன்னும் அத்திவாரமே போடல்ல" என்றாள். "அவள எனக்குத் தா. இந்த வீட்ட அவள்ட பேருக்கு எழுதுறன். நான் மகளோட இரிக்கிறன்."

"என்ஜின்?" என்றேன், வேறு ஒன்றும் வாயில் வராததால்.

"என்ஜின் நான் குடுக்கிறன். மெஷின நீ குடு. ஒருத்திக்கே ரெண்டும் போகட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் என் கடைசி மகள் சிரிப்பதும் கேட்டது. கள்ளி, அங்கேயே நின்றிருக்கிறாள். எங்களைக் கதைக்க வைக்க வேண்டும் என்று வாப்பா போட்ட கணக்கு, அவர் பேத்தியிடம் வந்துதான் சரியானது.

அன்று மஃரிப் தொழுது முடித்து துஆக் கேட்கும்போது வாப்பாவுக்குக் கேட்டேன், உம்மாவுக்குக் கேட்டேன், என் வீட்டுக்காரருக்கும் மச்சானுக்கும் கேட்டேன். எழும்பப் போனவள் திரும்ப இருந்தேன். ஜெர்மனியில் எங்கோ பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் அந்த இரண்டு சகோதரர்களும் ஒரு நாளும் முகம் திருப்பாதவர்கள். எங்கள் சண்டையை அவர்கள் தலையில் கட்டிவிட்டோம். அவர்களிடம் மாப்புக் கேட்டேன்.